படிக்காமல் விட்ட இரண்டு வரி

வைஃபாங்கா ஊரில் ஃபுவாதினோவுக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, பாதிரியார் வீட்டுச் சேவல். இன்னொன்று, எதிர்வீட்டு லோசாவின் கைக்குழந்தை மரேக்கோ. மற்றபடி ஆண், பெண், நாய், பன்றி எல்லாமே அவள் தலையைக் கண்டால் ஒழுங்காகிவிடும்.

ஐம்பத்தேழு வயது. பெண்கள் கமிட்டிக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவி. மாதத்தின் முதல் வியாழக்கிழமை ஊதாச் சீருடையும் ஓலைத் தொப்பியுமாக ஏழெட்டுப் பெண்கள் பின்னால் வர, வீடு வீடாக ஏறி இறங்குவாள். சமோவாவில் நம் வீடுகளுக்குச் சுவரா இருக்கிறது, ஒளித்து வைக்க? பாயைத் தூக்கிப் பார்ப்பாள். கொசுவலையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவாள். கக்கூஸில் எட்டிப் பார்ப்பாள். பன்றி வேலிக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று பார்ப்பாள். குறை இருந்தால் நீல அட்டை நோட்டில் அந்த வீட்டுக்காரியின் பெயர் ஏறும். பெயர் ஏறியவள் அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். ஃபுவாதினோ குறையை உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். தண்டனை அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை அப்படி நின்றவள், மறுபடி நிற்காமல் இருக்க எந்தப் பாடும் படுவாள்.

அவளைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஊரில் வயிற்றுப்போக்குக் காய்ச்சல் நின்றதே அவள் கக்கூஸ்களை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான். புயலடித்த வருஷம் நாலு குடும்பத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து, தன் தோட்டத்துக் கிழங்கை எல்லாம் பிடுங்கிப் போட்டவள் அவள். ஆனால் ஊர் பெயர், ஊர் பெயர் என்று ஒரு வெறி இருந்தது. வட்டாரத்திலேயே சுத்தமான ஊர் என்று ஒன்பது முறை கேடயம் வாங்கியிருந்தார்கள். பக்கத்து சாஃபூனே ஊர்க்காரர்கள் ஒரே ஒரு முறைதான் வாங்கினார்கள். அந்த ஒரு முறையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் வீட்டு முன்னால் ஒரு ஈரப்பலா மரம். அதில் தொங்குகிற காலி கேஸ் சிலிண்டர்தான் ஊருக்கு மணி. சாயங்கால ஜெபத்துக்கு இரும்புக் கம்பியால் நாலு அடி அடிப்பாள். முதல் அடி விழுந்ததும் எதிர்வீட்டில் லோசா மடியில் இருக்கும் மரேக்கோ திடுக்கிடுவான். பிறகு சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, ஃபுவாதினோவைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான். இரண்டு கையையும் தட்டுவான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வழக்கத்துக்கு விரோதமாக ஐந்தாவது அடி ஒன்று அடிக்க ஆரம்பித்திருந்தாள். ஏன் ஐந்து என்று கேட்க ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

லோசா வேறு தீவிலிருந்து வாழ வந்த பெண். இருபத்திரண்டு வயது. புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். வந்த புதிதில், நாலு மாதக் கர்ப்பத்தோடு, கொசுவலையில் கை நுழைகிற ஓட்டை என்று கூட்டத்தில் எழுந்து நின்றவள். காது இரண்டும் சிவந்துபோய், வாழ வந்த இடத்தில் முதல் மாதமே இப்படி ஆயிற்றே என்று நின்றாள். அதற்கப்புறம் அவள் வீட்டில் ஒரு தூசி கண்டுபிடிக்க முடிந்ததில்லை. "பார்த்தியா, ஒரு தடவை நிக்க வெச்சேன், எப்படி ஆயிட்டா" என்று ஃபுவாதினோ பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷக் கடைசியில் தட்டம்மை வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குழந்தைகளைக் கோயிலுக்குக்கூடக் கூட்டிவர வேண்டாம் என்றார்கள். ரேடியோவைத் திறந்தால் இன்றைக்கு எத்தனை குழந்தை என்ற செய்தி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருபக்கம் சொன்னார்கள். ஊசி வேண்டாம், இலைச்சாறு போதும் என்று இன்னொரு பக்கம் போனில் வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் எதை நம்புவார்கள்? பாதிப் பேர் கிளினிக்குக்குப் போனார்கள், பாதிப் பேர் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை வட்டார கிளினிக் நர்ஸ் ஒலிதா ஒரு காகிதத்தோடு வந்தாள். மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், காலில் செருப்பு வார் அறுந்து நூலால் கட்டியிருந்தது. ஃபுவாதினோ கோகோ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

'வியாழன், வெள்ளி இரண்டு நாளும் யாரும் வெளியே போக வேண்டாம். ஊசி வண்டி வீடு தேடி வரும். ஆறு மாதக் குழந்தை முதல் அறுபது வயது வரை, ஊசி போடாத ஒருவர் இருந்தாலும் வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டுங்கள். துணி கட்டுவது குற்றம் இல்லை, யாரும் பெயர் எழுத மாட்டார்கள். துணி இல்லாத வீட்டில் வண்டி நிற்காது.'

"என்ன சிஸ்டர் இது, கடைக்குப் போறவன் கையில குடுக்கற சீட்டு மாதிரி இருக்கு. ஊருக்கு ஒரு மரியாதை, ஒரு வணக்கம், ஒண்ணும் இல்லையா?"

"இப்படித்தாம்மா இருக்கணும். கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் வரணும்" என்றாள் ஒலிதா. "நீங்க மணியடிச்சு அப்படியே படிச்சிடுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அதுலயும் கடைசி ரெண்டு வரி ரொம்ப முக்கியம்."

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்குச் சொல்லிட்டிருக்கேன். எனக்கா சொல்லித் தர்றே?"

ஒலிதா சிரித்துவிட்டாள். எழுந்து போகும்போது திரும்பி, "ஆமா, நீங்க போட்டுக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"போட்டுக்கறேன், போட்டுக்கறேன். முதல்ல ஜனங்களைப் பாரு."

விஷயம் என்னவென்றால், ஃபுவாதினோவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். முப்பது வயதில் ரத்தம் எடுக்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தவள். அது புருஷன் தாவிதாவுக்கு மட்டும்தான் தெரியும். ஊரையே நடுங்க வைக்கிறவள் ஒரு முனை ஊசிக்கு நடுங்குகிறாள் என்று தெரிந்தால் அப்புறம் நோட்டைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குள் நுழைவது?

புதன்கிழமை மாலை மணியடித்துக் காகிதத்தைப் படித்தாள். அங்கங்கே வீட்டு ஓரத்தில் உட்கார்ந்தபடி ஊரே கேட்டது. குரலுக்குக் கேட்பானேன், கடற்கரை வரைக்கும் போகும். வண்டி, தேதி, வயது எல்லாம் படித்தாள். சிவப்புத் துணி வரைக்கும் படித்தாள். அடுத்த வரிக்கு வந்ததும் நாக்கு நின்றது.

யாரும் பெயர் எழுத மாட்டார்கள். இதை அவள் வாயால் சொல்வதா? பெயர் எழுதுவார்கள் என்ற ஒரே பயத்தில்தானே இந்த ஊர் இத்தனை வருஷம் சுத்தமாக இருக்கிறது? இன்றைக்கு இதற்கு விட்டால் நாளைக்குப் பன்றிக்கும் வேலி கேட்க முடியாது. அப்படித்தான் அவள் நினைத்தாள். காகிதத்தை நாலாக மடித்து பைபிளுக்குள் செருகிவிட்டு, மீதியைத் தன் வார்த்தையில் சொன்னாள்.

"நம்ம ஊரு ஒன்பது தடவை கேடயம் வாங்கின ஊரு. வர்றது வெளியூர் வண்டி, வெளியூர்க் கண்ணு. யார் வீட்டு முன்னால என்ன தொங்குதுன்னு பார்த்துக்கிட்டேதான் போவாங்க. பொறுப்பான ஊருன்னா எப்படி இருக்கும்னு நாம காட்டணும். என்ன, புரியுதா?"

எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். புரிந்தது என்று அர்த்தம். நன்றாகவே புரிந்தது.

அவள் என்னதான் நினைத்துச் சொன்னாள் என்று பிற்பாடு அவளே பல நாள் யோசித்தாள். எல்லோரும் அதற்குள் ஊசி போட்டிருப்பார்கள் என்று நினைத்தாளா? போடாதவர்கள் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தாளா? புதன் சாயங்காலம் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது? ஒன்றையும் நினைக்கவில்லை, கேடயத்தைத்தான் நினைத்தாள். அதுதான் உண்மை.

மறுநாள் காலை ரோட்டில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. தாவிதா கோகோவை ஊதி ஊதிக் குடித்தபடி மெதுவாகக் கேட்டார். "ஃபுவா, நம்ம வீட்டுக்குத் துணி கட்டணுமே?"

"யாருக்கு?"

"எனக்கு இல்ல. எனக்குத்தான் போன வாரம் சந்தையில குத்திட்டாங்களே."

"நான் அப்புறமா கிளினிக்ல போய்ப் போட்டுக்கறேன்."

"வண்டி வாசலுக்கே வருதுங்கறாங்க."

"நீங்க கோகோவைக் குடிங்க."

அவர் குடித்தார். முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

பத்து மணிக்கு வெள்ளை வேன் ஊருக்குள் நுழைந்தது. நத்தை மாதிரி ஊர்ந்து வந்தது. நாற்பத்து மூன்று வீடு. ஒரு வீட்டிலும் சிவப்பு இல்லை. ஃபுவாதினோ முழுச் சீருடையில் மரத்தடியில் நின்றிருந்தாள். ஒலிதா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"யாருமே பாக்கி இல்லையாம்மா?"

ஃபுவாதினோ இரண்டு புருவத்தையும் நன்றாக உயர்த்தினாள்.

"கடவுளே, இப்படி ஒரு ஊரை நான் இன்னும் பார்க்கலை" என்று ஒலிதா பெருமூச்சு விட்டாள். வேன் வேகம் எடுத்தது. எதிர்வீட்டில் லோசா எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து அந்த வேன் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் ரோட்டில் ஒரு வண்டி வந்தால் பார்க்க மாட்டாளா என்று ஃபுவாதினோ நினைத்துக்கொண்டாள்.

கமிட்டி பொருளாளர் லாங்கி பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, அந்தக் கரையில சாஃபூனேயைப் பாருங்க."

குடாவுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு சிவப்பு. பாவாடை, துண்டு, மேஜை விரிப்பு, ஒரு வீட்டில் ரக்பி பனியன்கூடத் தொங்கியது.

"கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றாள் லாங்கி.

"சோம்பேறிப் பசங்க. ஒரு வீட்லயாவது ஊசி போட்டிருக்காங்களா பாரு" என்றாள் ஃபுவாதினோ. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் ஃபுவாதினோவுக்குச் சாப்பாடு இறங்காது.

கிறிஸ்துமஸ் போயிற்று. புது வருஷமும் வந்தது. நோய் ஓய்ந்துகொண்டு வருகிறது என்று ரேடியோ சொன்னது. ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் ஐந்தாவது அடி அடித்துவிட்டு ஃபுவாதினோ எதிர்வீட்டைப் பார்த்தாள். மரேக்கோ திரும்பினான், சிரிக்கவில்லை. பல் முளைக்கிறதோ என்னவோ என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் நண்பகலில் லோசா அவள் வீட்டுப் படியில் வந்து நின்றாள். ஏறி வரவில்லை. குழந்தை அனலாகக் கொதித்தது. கண் இரண்டும் பழுத்திருந்தன. இருமி இருமிக் குரலே போய்விட்டது. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்குச் சிவப்புப் புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தாவிதா பிக்கப்பை எடுத்தார். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கிளினிக்கில் குழந்தையைப் பார்த்ததும் ஒலிதாவின் முகம் மாறியது. "ஊசி போட்டிருக்கா?"

"இல்ல" என்றாள் லோசா.

"வண்டி வந்துச்சே உங்க ஊருக்கு?"

லோசா ஃபுவாதினோவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நான்தான் துணி கட்டலை."

ஒலிதா திரும்பினாள். "அம்மா, அந்தக் காகிதத்தை முழுசாப் படிச்சீங்கதானே?"

ஃபுவாதினோ புருவத்தை உயர்த்தினாள். பொய் சொல்ல வாயைக்கூடத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பாயைத் தூக்கித் தூசி தேடியவள், தன் பொய்யைப் புருவத்திலேயே முடித்துக்கொண்டாள்.

தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னார்கள். வண்டி வரும்வரை லோசா குழந்தையின் பையில் துணி தேடினாள். அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணி வெளியே வந்தது. முழம் நீளம், நாலு ஓரமும் மடித்துத் தைத்து, கட்டுவதற்கு இரண்டு முனையில் நாடா வைத்திருந்தது.

"என்ன இது?" என்று ஃபுவாதினோ கேட்டாள். கேட்காமலே தெரிந்துவிட்டது.

"கட்டத்தான் தைச்சு வெச்சேம்மா" என்றாள் லோசா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஓரம் தைக்காமக் கட்டினா அதுக்கும் பேர் எழுதிடுவீங்களோன்னு ஓரமும் தைச்சேன். அப்புறம் நீங்க மரத்தடியில சொன்னீங்க இல்ல, வெளியூர்க் கண்ணுன்னு. சரி, வாழ வந்தவளால ஊருக்குக் கெட்ட பேர் வேணாம்னு பாய்க்கடியில வெச்சுட்டேன். துணி இல்லாட்டியும் வண்டி நின்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். நிக்காமப் போயிடுச்சு. அப்புறம் கிளினிக்குக்குப் போனா யாராவது பார்த்துடுவாங்களோன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்கம்மா. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஊர் பேரைக் கெடுத்துட்டேன்."

பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது, பெற்றவள் ஊர் பெயருக்காக மன்னிப்புக் கேட்கிறாள். ஃபுவாதினோவுக்கு அந்த சிமெண்ட் தரை பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. இல்லை பெண்ணே, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆம்புலன்ஸ் வந்தது, லோசா ஏறினாள். துணி ஃபுவாதினோவின் கையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மணியைத் தாவிதாதான் அடித்தார். மூன்றாம் நாள் காலை லாங்கி வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக வந்ததும் யாரையாவது நாலு சொல் சொல்லுகிறவள், அன்றைக்குப் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பேத்திக்கு லேசா இருமல்."

"அவளுக்கு ஊசி போட்டாச்சு இல்ல?"

லாங்கி தலையைக் குனிந்து பாயிலிருந்து ஒரு நாரை உருவினாள்.

"அடிப்பாவி, நீயுமா? அன்னைக்கு என்கூட நின்னு சிரிச்சியே."

"நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வேற எத்தனை வீட்ல இப்படி?"

"எனக்கு எப்படித் தெரியும்? யாரு வெளியில சொல்லுவா?" லாங்கி நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "உங்ககிட்ட வந்து யாருக்கா சொல்லுவா?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. ஊருக்குள் நோய் வந்துவிட்டது. எந்த வீட்டில் எந்தக் குழந்தை பாக்கி என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொல்லாதே என்று அவர்களைப் பழக்கியவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவளோ ஊருக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. மரேக்கோ பிழைப்பானா மாட்டானா என்பது இனி டாக்டர் கையில். மற்ற பிள்ளைகள்? அது இன்னும் தன் வாயில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

தாவிதாவின் போனை வாங்கி ஒலிதாவைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நான் முழுசாப் படிக்கலை. கடைசி ரெண்டு வரியை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா வேற சொன்னேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றாள் ஒலிதா. "நாளைக்குக் காலையில வண்டி கொண்டு வர்றேன். இன்னைக்கே படிச்சிடுங்க."

திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் அந்தப் பெண்ணுக்கு நேரம் இல்லை.

லோசாவின் துணியை எடுத்துக்கொண்டு ஃபுவாதினோ வெளியே வந்தாள். தாவிதா எழுந்தார். "குடு, நான் கட்டறேன்."

"வேணாம். நானே கட்டறேன்."

தன் வீட்டு முன்கம்பத்தில், ரோட்டிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் கட்டினாள். பிறகு மரத்தடிக்குப் போய் மணியை அடித்தாள். நட்டநடு மத்தியானம் மணியடித்தால் சாவு அல்லது தீ. ஜனங்கள் சட்டையில்லாமலும் ஈரக் கையோடும் ஓடிவந்தார்கள். மரேக்கோதான் போய்விட்டான் என்று இரண்டு பெண்கள் வரும்போதே அழுதார்கள்.

"அவன் உசுரோட இருக்கான்" என்றாள் ஃபுவாதினோ. சீருடை இல்லை, தொப்பி இல்லை. வீட்டில் கட்டுகிற பழைய துணியோடு நின்றாள். நீல நோட்டைத் திறந்தாள். கூட்டத்தில் எல்லோர் குறையையும் படிக்கிற அதே குரலில் படிக்கப் பார்த்தாள். முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"பேர், ஃபுவாதினோ. குறை, ஊசி போட்டுக்கலை. பயம். வீட்டு முன்னால துணி கட்டலை. வெக்கம். நர்ஸ் குடுத்த காகிதத்துல ரெண்டு வரியை ஊருக்குப் படிக்கலை. திமிரு. லோசா துணி தைச்சு வெச்சிருந்தா. என் பேச்சைக் கேட்டு ஒளிச்சு வெச்சா. அவ மேல ஒரு குறையும் இல்ல. அங்க தொங்குது பாருங்க, அவ தைச்ச துணிதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை அம்மா என்று ஒருவர் சொல்லவும் இல்லை. அவள் எழுந்து நிற்க வைத்த பெண்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடம் எப்படிச் சுடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பைபிளிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "இப்ப அதைப் படிக்கிறேன். துணி கட்டுவது குற்றம் இல்லை, யாரும் பெயர் எழுத மாட்டார்கள். துணி இல்லாத வீட்டில் வண்டி நிற்காது. இன்னொரு தடவை படிக்கிறேன்."

மூன்று தடவை படித்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வண்டி நாளைக்குக் காலையில வருது" என்று மட்டும் கடைசியில் சேர்த்தாள். அதற்கு ஒலிதா கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

முதல் துணி லாங்கி வீட்டில் ஏறியது. வாசலில் முக்காலி போட்டு ஏறி, ஊர் பார்க்கக் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் ஏழு. மறுநாள் காலை வேன் வரும்போது பதினேழு. நாற்பத்து மூன்றில் பதினேழு வீடு. அதில் ஒன்பது வீட்டில் கைக்குழந்தைகள். ஃபுவாதினோ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ரோட்டில் நடந்தாள். அந்த ஒவ்வொரு வீட்டையும் அந்த வியாழக்கிழமை வேன் தாண்டிப் போயிருக்கிறது. அவள் புருவத்தை உயர்த்திப் போகச் சொல்லியிருக்கிறாள்.

வேன் முதலில் அவள் வீட்டில் நின்றது. ஊரே கூடிவிட்டது. அவள் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். முகம் சாம்பலாய் வெளுத்துவிட்டது.

"அக்கா, கண்ணைத் தெறங்க, பன்றி வேலிக்கு வெளியில நிக்குது" என்றாள் லாங்கி. கொல்லென்று ஒரு சிரிப்பு. அதற்குள் ஊசி போட்டு முடிந்திருந்தது. அவள் விழவில்லை.

பஞ்சை அழுத்திக்கொண்டே ஃபுவாதினோ கேட்டாள். "சிஸ்டர், அன்னைக்கே மரேக்கோவுக்குப் போட்டிருந்தா?"

ஒலிதா அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். "நிச்சயமா வந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேம்மா. பெரும்பாலும் வந்திருக்காது." பூசி மெழுகத் தெரியாத பெண்.

வேறு எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை. லாங்கி பேத்திக்கு வெறும் சளிதான். மரேக்கோ ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரலில் சளி கட்டியது, பிறகு இரண்டு காதிலும் சீழ் வைத்தது. ஒவ்வொரு நாளும் தாவிதா போனில் கேட்டுச் சொல்வார். ஐந்து வாரமும் ஃபுவாதினோ நாலு அடிதான் அடித்தாள். ஐந்தாவதுக்குக் கம்பி எழவில்லை.

பிப்ரவரி மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து லோசா இறங்கினாள். தோளில் குழந்தை, உரித்த கோழி மாதிரி. தலைமுடி கொட்டியிருந்தது. ஆனால் கண் தெளிந்திருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஃபுவாதினோவிடம் வந்தாள்.

"பொழைச்சுட்டாம்மா" என்றாள்.

ஃபுவாதினோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். மரத்தடியில் நோட்டில் படித்ததையும் சொன்னாள். லோசா கேட்டுக்கொண்டாள். "தெரியும்மா, லாங்கியக்கா போன்ல சொன்னாங்க" என்றாள். இன்னும் என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஊரில் அன்றைக்குச் சந்தோஷம். லாங்கி தேங்காய்ப்பாலில் கீரை வேகவைத்துக் கொண்டுவந்தாள். யாரோ டின் மாட்டிறைச்சி இரண்டு டப்பா கொண்டுவந்து வைத்தார்கள்.

சாயங்காலம் ஃபுவாதினோ மணியடிக்கப் போனாள். எதிர்வீட்டு ஓரத்தில் லோசா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மரேக்கோ முதுகைக் காட்டிக்கொண்டு பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஃபுவாதினோவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. நாலு அடி அடித்தாள். பிறகு கம்பியை நன்றாக ஓங்கி, அவனுக்கென்று ஐந்தாவதை அடித்தாள்.

மரேக்கோ திரும்பவில்லை.

ஆறாவது அடித்தாள். ஏழாவது, கை வலிக்க. நாய்கள் எழுந்து குரைத்தன. ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மரேக்கோ பாயின் நாரை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவள் ரோட்டைக் கடந்து போனாள். லோசா தலை நிமிரவில்லை.

"டாக்டர் சொன்னாரும்மா" என்றாள். "ரெண்டு காதும் போயிடுச்சாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஃபுவாதினோ தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய முகம் அவன் கண்ணில் பட்டது. ஐந்து வாரம் ஆகியும் மறக்கவில்லை. அடையாளம் தெரிந்துவிட்டது. பொக்கை வாயில் இப்போது இரண்டு பல். அதைக் காட்டிச் சிரித்தான், இரண்டு கையையும் தட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.